சான் ரெமோவில் திரும்பிய பஸ்

போன வாரம் ஷார்ஜாவிலிருந்து ஷீபா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள் அவள். இப்போது புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாளாம்.

"அக்கா, இப்பல்லாம் பாஸ்போர்ட்ல ரெசிடென்ஸ் விசா ஸ்டிக்கரே ஒட்டுறதில்ல. எல்லாம் கார்டுலயும் கம்ப்யூட்டர்லயும் இருக்கு. ஸ்டிக்கர் இருந்த காலத்துல டூர்ல ஒருத்தர் பாஸ்போர்ட்டைத் தொலைச்சா என்ன பண்ணுவீங்கன்னு இந்தப் பிள்ளைங்க கேக்குதுங்க."

"என்ன பண்ணுவோம், வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காருவோம்" என்றேன். அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அன்றைக்கு இத்தாலியின் சான் ரெமோ ஊரில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதை எழுதித் தருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

நான் தூத்துக்குடிக்காரி. டைப்பிங்கும் ஷார்ட்ஹேண்டும் படித்துவிட்டு, துபாய் தேராவில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். அங்கிருந்து டிக்கெட் கவுண்டர், அங்கிருந்து விசா டெஸ்க், கடைசியில் டூர். வளர்ந்த கதை அவ்வளவுதான். அதில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. சொல்லிக்கொள்ள இருப்பது என் மேனேஜர் நடராஜா சார் பற்றித்தான்.

யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த ஆள். துபாய் வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் கடைசிப் பொத்தான்வரை போட்டிருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மேசையில் இருக்கும் பேனாவை எடுத்து மூடியைப் போட்டுவிடுவார். மூடி போட்டாயிற்று என்றால் அன்றைக்கு நமக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். முதல் தடவை என்னைத் தனியாக ஐரோப்பாவுக்கு அனுப்பும்போது எதிரே உட்காரவைத்துப் பாடம் எடுத்தார்.

"பிள்ளை, பாஸ்போர்ட்டை எல்லாரிட்டயும் வாங்கி உம்மட பையில போட்டு வைக்கக் கூடாது. அவையவைன்ர சாமான் அவையவைன்ர கையில இருக்க வேணும். ஹோட்டல்காரன் பதியிறதுக்கு வாங்கினா, திரும்பக் குடுக்கேக்க ஒவ்வொருத்தரின்ர முகத்தையும் பாத்துக் கையில குடும். பிறகு, எல்லையில போய் நிண்டு பாஸ்போர்ட் எங்க எண்டு கேக்கக் கூடாது. எல்லைக்கு முந்தின ஊரிலயே கேளும்."

"ஏன் சார்?"

"எல்லையில தெரிஞ்சா அது போலீஸ் பிரச்சினை. முந்தின ஊரில தெரிஞ்சா அது எங்கட பிரச்சினை."

சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்துவிட்டார். நான் போகலாம் என்று அதற்குப் பொருள்.

இதில் முதல் விதியைக் கடைப்பிடிப்பதுதான் பெரும் பாடு. வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்கள் நிறையப் பேர் தங்கள் பாஸ்போர்ட்டைக் கண்ணால் பார்ப்பதே லீவுக்கு ஊருக்குப் போகும்போதுதான். மீதி நாளெல்லாம் அது கஃபீலின், அதாவது விசா கொடுத்த முதலாளியின், ஆபீஸ் அலமாரியில் தூங்கும். விமானநிலையத்தில் நான் கையில் கொடுத்தால், "மேடம், நீங்களே வச்சுக்குங்களேன், எங்களுக்குப் பழக்கமில்ல" என்று திருப்பி நீட்டுவார்கள். குழந்தையைத் தூக்கத் தெரியாத ஆம்பளைகளிடம் குழந்தையைக் கொடுத்ததுபோல் நிற்பார்கள். நான் விடமாட்டேன்.

நான் சொல்ல வந்த பயணம் தொண்ணூறுகளின் முதல் பாதியில் நடந்தது. அல் கூஸில் கிடங்கு வைத்திருந்த ஒரு டயர் மொத்த வியாபாரி, தன் டயரை அதிகம் விற்ற கடைக்காரர்களை ஐரோப்பா கூட்டிப்போக முடிவு செய்தார். ரோமில் இறங்கி, பஸ்ஸில் கடலோரமாகவே வடக்கே ஏறி, ஜெனோவா, சான் ரெமோ, எல்லை தாண்டி மொனாக்கோ, நீஸ், பிறகு பார்சிலோனா, அங்கிருந்து விமானம். ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி விசா. வந்தவர்களில் பாதிக்குமேல் நம்மாட்கள்.

அவர்களுக்குத் தலைவர்போல் இருந்தவர் மீரான் காக்கா. காயல்பட்டினத்துக்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். ஷார்ஜா ரோலாவில் டயர்க் கடை. எதைக் கண்டாலும் குறை சொல்லுவார். ரோமில் சோறு விறைப்பு, பீசாவில் கோபுரம் சாய்ந்திருப்பதைப் பார்க்கவா இவ்வளவு தூரம், ஹோட்டல் குளியலறையில் வாளி இல்லை. ரோமில் அறைக்குள் ரைஸ் குக்கர் வைத்து ஒரு மாடி முழுக்கக் கரண்ட்டை அணைத்ததும் அவர்தான். ஹோட்டல் மேனேஜரிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தபோது, "நம்ம ஊரு கரண்ட்டே தேவல போல இருக்கேம்மா" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

இன்னொருவர் சுப்பையா. மானாமதுரைப் பக்கம். ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கராஜில் ஃபோர்மேன். வரவேண்டியவர் கராஜ் முதலாளிதான், அவருக்கு முழங்காலில் ஆபரேஷன் என்பதால் இவரை அனுப்பிவைத்தார். சுப்பையா பேசவே மாட்டார். ஆனால் கடலைக் கண்டால் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொள்வார். ஒரே ஒருநாள், பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தபோது மட்டும் கொஞ்சம் பேசினார். கல்யாணமான நாளிலிருந்து மனைவி மானாமதுரையில், இவர் ஷார்ஜாவில். இப்போது ஃபோர்மேன் ஆனதால் சம்பளம், குடும்பத்தை அழைத்துவர விதி கேட்கும் அளவை எட்டிவிட்டது. குடும்ப விசாவுக்குக் கையெழுத்துப் போட்டுத்தருவதாக கஃபீல் ஒப்புக்கொண்டுவிட்டார்.

"திரும்பிப் போனதும் பேப்பரைப் போடணும் மேடம். ஒரு ரூம் கூடப் பாத்து வச்சிருக்கேன். ஜன்னல் இருக்கு."

ஜெனோவாவுக்குக் கொஞ்சம் முன்னால், கடலைப் பார்த்த ஒரு சின்ன ஊரில் ஓர் இரவு தங்கினோம். ஹோட்டல்காரர்கள் பதிவுக்காகப் பாஸ்போர்ட்டுகளை வாங்கிவைத்து, சாப்பாட்டு நேரத்தில் திருப்பித் தந்தார்கள். நான் சார் சொன்னபடி ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக் கையில் கொடுத்தேன். சுப்பையா இரண்டு கையாலும் வாங்கினார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மறுநாள் காலை கிளம்பி, மதியச் சாப்பாட்டுக்குச் சான் ரெமோவில் நிறுத்தினோம். எல்லைக்கு முந்தைய ஊர். கடலோரப் பூங்காவில் எல்லோரும் எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். நான் எழுந்து நின்று, "எல்லாரும் பாஸ்போர்ட்டைக் கையில எடுத்துக் காட்டுங்க, அப்புறம் சாப்பிடலாம்" என்றேன்.

"என்னம்மா, பள்ளிக்கூடப் பிள்ளைய மாதிரி" என்று முனகிக்கொண்டே மீரான் காக்கா முதலில் தூக்கிக் காட்டினார். மற்றவர்களும் காட்டினார்கள். சுப்பையா மட்டும் சட்டைப் பையைத் தடவினார், பேன்ட் பையைத் தடவினார், தோள்பையை மடியில் கவிழ்த்தார்.

பஸ்ஸின் அடியறையைத் திறந்து அவருடைய பெட்டியை இறக்கினோம். சட்டைகளை ஒவ்வொன்றாக உதறினோம். இல்லை.

"எவனோ அடிச்சிட்டான்" என்றார் ஒருவர். "இந்த ஊர்ல அதான் தொழிலாம்."

அது தொலைந்தால் என்ன ஆகும் என்று அங்கே இருந்த யாருக்கும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. மிலானில் இருக்கும் நம் தூதரக அலுவலகம் ஒரு காகிதம் தரும். அதை வைத்துக்கொண்டு இந்தியாவுக்குப் போகலாம், அவ்வளவுதான். ஷார்ஜாவுக்குத் திரும்ப முடியாது, ஏனென்றால் அமீரக விசா ஒட்டியிருப்பது அந்தப் பாஸ்போர்ட்டில். கஃபீல் மறுபடி முதலிலிருந்து விசா எடுத்தால் உண்டு. அதற்குள் ஃபோர்மேன் வேலைக்கு வேறு ஆள் வந்திருப்பான். குடும்ப விசா, ஜன்னல் வைத்த ரூம், எல்லாம் போச்சு. சுப்பையாவின் முகத்தில் ரத்தமே இல்லை. புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் நடராஜா சார் சொன்ன இன்னொன்று நினைவுக்கு வந்தது. ஒருமுறை ஆபீஸில் ஒரு கிளார்க் சாவியைத் தொலைத்துவிட்டுத் தலைகீழாகத் தேடிக்கொண்டிருந்தான். சார் அவனை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "தொலைச்ச ஆளிட்ட எங்க வச்சனீர் எண்டு கேக்கக் கூடாது, பிள்ளை. அது தெரிஞ்சா அவர் ஏன் தேடுறார்? கடைசியாக் கையில இருந்த நேரத்தில இருந்து என்ன செய்தனீர் எண்டு கேளும். இடையில ஒண்டும் பேசக் கூடாது."

எல்லோரையும் தள்ளிப் போகச் சொன்னேன். மீரான் காக்காவை மட்டும் விரட்ட முடியவில்லை. ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி சுப்பையாவிடம் கொடுத்தேன்.

"நேத்து சாப்பாட்டு நேரத்துல நான் உங்க கையில கொடுத்தேன். அதுக்கப்புறம் என்ன செஞ்சீங்க? மெதுவாச் சொல்லுங்க."

"சட்டைப் பையில வச்சேன். சாப்பிட்டேன். ரூமுக்குப் போனேன்." ஒவ்வொன்றுக்கும் அவர் கை அசைந்தது. "கதவைப் பூட்டுனேன். பல்லு விளக்குனேன். சட்டையக் கழட்டி மாட்டுனேன். படுத்தேன்." படுத்தேன் என்று சொல்லும்போது அவர் வலது கை தானாகப் பிடரிக்குப் பின்னால் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

"மேடம்" என்றார். "தலகாணி உறைக்குள்ள வச்சேன்."

மீரான் காக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஷார்ஜா ரூம்ல நாங்க எல்லாரும் அப்படித்தான் மேடம் வைப்போம். அடுக்குக் கட்டிலு, ஆளுக்குப் பூட்டு எங்க இருக்கு? பணமோ லெட்டரோ, உறைக்குள்ள போட்டு மேல தலைய வச்சுப் படுத்துக்கறது. காலைல கைய விட்டுப் பாத்தேன், இல்ல. சரி, பையில போட்டுட்டோம் போலன்னு நெனச்சேன். அந்தக் கட்டில்ல ரெண்டு தலகாணி மேடம். ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு தலகாணி? நான் வேற ஒண்ணுல கைய விட்டிருக்கேன்."

"சரி, பரவாயில்ல. ஹோட்டலுக்குப் போன் போட்டா எடுத்து வச்சிருவாங்க" என்றேன்.

அவர் தலையைத் தொங்கப்போட்டார். "இல்ல மேடம். நானே உறையெல்லாம் உருவி, விரிப்போட சேத்துச் சுருட்டி, வராண்டாவுல வண்டி தள்ளிக்கிட்டு வந்த அம்மாகிட்டக் குடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"காலி பண்றவன் அவன் விரிப்பை அவனே உருவிக் குடுத்துட்டுப் போகணும்ல? எங்க ரூம்ல அதான் முறை. அடுத்தவன் வந்து நம்ம அழுக்கைத் தொடக்கூடாது. அந்த அம்மா கூட ரொம்ப சந்தோஷமாத் தலையாட்டுச்சு."

எனக்கு அவரைத் திட்டவும் மனசு வரவில்லை. நான் எத்தனையோ பெரிய மனிதர்களைக் கூட்டிப்போயிருக்கிறேன். ஹோட்டல் கட்டிலைத் தானே சீர்செய்து கொடுத்துவிட்டுக் கிளம்பிய ஒரே ஆள் அவர்தான், அதற்கு இந்தத் தண்டனை.

எங்கள் டிரைவர் பாவ்லோ இத்தாலிக்காரர். அவரை ஹோட்டலுக்குப் போன் பேசச் சொன்னேன். பேசிவிட்டுக் கையை விரித்தார். சலவைக்கு எடுக்கும் வேன் காலையிலேயே வந்து போய்விட்டது. சலவைக்கூடம் அந்த ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில். அங்கே போன் அடித்தால் யாரும் எடுக்கவில்லை, மதியச் சாப்பாட்டுக்கு மூடியிருப்பார்கள் அல்லது மெஷின் சத்தத்தில் கேட்டிருக்காது. கொதிநீரில் வெளுக்கிற இடம் என்று வேறு சொன்னார். அதை நான் சுப்பையாவுக்குத் தமிழில் சொல்லவில்லை.

திரும்பிப் போய்ப் பார்க்கலாம். ஆனால் போய்விட்டு வந்தால் பாவ்லோ அன்றைக்கு ஓட்டலாம் என்று சட்டம் சொல்லும் நேரம் முடிந்துவிடும். மொனாக்கோ கிடையாது, நீஸ் கிடையாது. அந்த இரண்டு ஊருக்காகத்தான் பாதிப் பேர் இந்தப் பயணத்துக்கு வந்திருந்தார்கள். சுப்பையாவை மட்டும் டாக்சியில் அனுப்பினால் அவருக்குப் பாஷை தெரியாது. நான் கூடப் போனால் மற்றவர்களை யார் எல்லை தாண்டி அழைத்துப் போவது?

பக்கத்துக் கடை போனிலிருந்து நடராஜா சாரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பேனா மூடி விழுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"ஆக்கள் சம்மதிச்சா திரும்பும்" என்றார். "ராவைக்கு அங்க ஹோட்டல் நான் பாக்கிறன். நீஸ் ஹோட்டலோட நான் கதைக்கிறன். நீர் அந்த மனுசனைப் பாரும்."

ஆட்கள் சம்மதிக்க வேண்டுமே! திரும்பிவந்து எல்லோரையும் கூட்டி நிலைமையைச் சொன்னேன். சொல்லும்போதே என் கண் மீரான் காக்காவிடம்தான் இருந்தது. மொனாக்கோ அரண்மனை வாசலில் நின்று போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்ப வேண்டும் என்று ரோமில் இறங்கியதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த மனிதர். குறை சொல்ல இதைவிடப் பெரிய வாய்ப்பு அவருக்குக் கிடைக்காது.

அவர் சாதப் பொட்டலத்தை மடித்துக் கட்டினார். "யல்லா, யல்லா, எல்லாரும் ஏறுங்க. இதுல என்ன பேச்சு வேண்டியிருக்கு? விசா போனா மனுசன் என்ன ஆவான்னு நமக்குத் தெரியாதா? மொனாக்கோ எங்கேயும் ஓடிடாது. ஏம்மா, நீ என்ன நின்னுக்கிட்டே இருக்கே?"

ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க, பஸ்ஸில் ஏறாமல் நின்ற இருவரை வீணாக விரட்டினேன்.

வந்த வழியே திரும்பினோம். காலையில் பாட்டும் கூத்துமாக வந்த பஸ். இப்போது நான் திரும்பிப் பார்த்தபோது ஒவ்வொருவரும் தங்கள் சட்டைப் பையில் கை வைத்துக்கொண்டிருந்தார்கள். காக்கா சுப்பையாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து, "ஒரு வாய் தின்னு வாப்பா. பட்டினி கிடந்தா பாஸ்போர்ட் வந்துருமா?" என்று அதட்டிக்கொண்டிருந்தார். சுப்பையாவுக்கு இறங்கவில்லை.

சலவைக்கூடம் நீளமான தகரக் கொட்டகை. உள்ளே நுழைந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. பெரிய இரும்பு மெஷின்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் கண்ணாடி வழியாகவும் வெள்ளைத் துணி புரள்வது தெரிந்தது. சுப்பையா நேராக முதல் மெஷினுக்குப் போய்க் கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார். அந்தக் காட்சியை நான் மறக்கவே மாட்டேன்.

பாவ்லோ அங்கே வேலை செய்த பெண்களிடம் ஹோட்டல் பெயரைச் சொன்னார். அந்த மெஷின்தான் என்று ஒருத்தி கை காட்டினாள். சுப்பையா பார்த்துக்கொண்டிருந்த அதே மெஷின்.

பாவ்லோ விடாமல் பேசினார். பாஸ்போர்ட் என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. அந்தப் பெண்களில் மூத்தவள், சிவந்த கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே சத்தமாகச் சிரித்தாள். சுவரோரம் இருந்த ஒரு பலகைத் தட்டுக்கு எங்களை அழைத்துப்போனாள். உறையை உதறாமல் மெஷினில் போடவே மாட்டார்களாம். விருந்தாளிகள் விட்டுப்போனதெல்லாம் அங்கே அடுக்கியிருந்தன. ஒரு பல்செட், இரண்டு மூக்குக்கண்ணாடி, ஒற்றைக் கம்மல், ஒரு ஜெபமாலை. பல்செட்டுக்குப் பக்கத்தில், ஈரம் படாமல், நம் நாட்டுச் சிங்கமுகம் போட்ட பாஸ்போர்ட்.

அவள் அதைத் திறந்து போட்டோவைப் பார்த்தாள், சுப்பையாவின் மீசையைப் பார்த்தாள், சரிதான் என்பதுபோல் அவர் கையில் கொடுத்தாள். அவர் போட்டோவைப் பார்க்கவில்லை. பக்கங்களைத் தள்ளி, அமீரக விசா ஒட்டியிருந்த பக்கத்தைத் திறந்து, அதன்மேல் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகுதான் மூச்சே விட்டார். அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் அவரை இழுத்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டாள். மானாமதுரைக்காரர் வெலவெலத்துப்போனார்.

வாசலில் காத்திருந்த கூட்டம் அதைப் பார்த்துவிட்டது. "ஏ சுப்பையா, குடும்ப விசாவுல இந்தம்மா பேரையும் சேத்துரு!" என்று காக்கா கத்தினார். அடக்கிவைத்ததெல்லாம் சிரிப்பாக வெடித்தது. நானும் சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவ்வளவு லேசாக என் உடம்பு அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை.

அன்று மாலை சுப்பையா பாஸ்போர்ட்டை என்னிடம் நீட்டினார். "நீங்களே வச்சுக்குங்க மேடம். என்னை நம்பாதீங்க."

"மாஃபி, அதெல்லாம் கிடையாது" என்றேன். "உங்க சாமான், உங்க கையிலதான் இருக்கணும்."

மறுநாள் பிரெஞ்சு எல்லையில் போலீஸ்காரர் பஸ்ஸில் ஏறியபோது, அவர் இருக்கை வரிசைக்கு வருவதற்கு முன்பே சுப்பையா எழுந்து நின்று நீட்டினார். மொனாக்கோவைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தோம். காக்கா அதற்கும் குறை சொன்னார், எனக்கு அது சங்கீதம்போல இருந்தது.

பார்சிலோனாவிலிருந்து துபாய் வந்து இறங்கினோம். குடிவரவு கவுண்டரில் சுப்பையாவின் ஸ்டிக்கரை ஒரு பார்வை பார்த்துவிட்டு முத்திரை குத்தி, "யல்லா" என்று அனுப்பிவிட்டார் அதிகாரி. அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. வெளியே தடுப்புக் கம்பிக்கு அப்பால் கராஜின் பி.ஆர்.ஓ. நின்றிருந்தான். கம்பெனியின் விசா வேலைகளைப் பார்க்கும் ஹைதராபாத்காரன். வணக்கம் சொல்வதற்கு முன்பே கையை நீட்டினான்.

"பாஸ்போர்ட், பாய். அலமாரி சாவி என்கிட்ட இருக்கு, ஜல்தி."

சுப்பையா கொடுப்பதற்காகப் பாஸ்போர்ட்டை எடுத்தார். ஆனால் கை நீளவில்லை.

"கல் தேகா, பாய்" என்றார். நாளைக்குத் தருகிறேன் என்று. அவர் இந்தி பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"தொலைச்சிட்டா? அப்புறம் முதலாளி என்னைக் கொல்வாரு" என்றான் அவன் இந்தியில்.

சுப்பையா பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்துத் திரும்பினார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"தொலைச்சேன்ல மேடம்?" என்றார். "போயி எடுத்துட்டு வந்துட்டேன்ல?"